நான் இருக்கும்போதே வெள்ளை அங்கியா?

மெக்னெஸ்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ஹாஜி முஃபத்தல் அவர்களுக்கு, தங்கள் தங்கை பதூலின் கணவன் தாமி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். டாஞ்சியரில் தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே பதூல் நலம், பூனை நலம், மொட்டைமாடித் தொட்டியில் புதினா நலம். நான் நலமா என்பதில் மட்டும் தெருவுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் காதில் வைத்தாலே, "யாரு, அண்ணனா? குடுங்க இப்படி" என்று பதூல் பிடுங்கிக்கொள்கிறாள். தபாலாபீசில் முத்திரை குத்தியே காலத்தை ஓட்டியவனுக்குக் கடிதத்தை விட்டால் வேறு கதி இல்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் என் மகள் நுஸ்ஹா மான்ட்ரியலிலிருந்து மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆலிவ் தோப்பில் நின்று குடும்பப் படம் எடுத்துக்கொள்கிறோம், தாங்களும் வருகிறீர்கள். இதுவரை தங்களுக்குத் தெரியும். தெரியாதது, எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று அவள் போட்ட உத்தரவு. மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தாள். அதில் யாரோ ஒரு குடும்பம் முழுக்க வெள்ளை உடுத்திக் கடற்கரையில் செருப்பில்லாமல் ஓடுகிறது. யார் துரத்துகிறார்கள் என்று படத்தில் இல்லை. எனக்கு வெள்ளை ஒரு பிரச்சினையே இல்லை, வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்கு உடுத்துவதுதானே. ஆனால் பதூல் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு, வெள்ளைக் காலுறை, அதற்கும் மேல் வெள்ளைத் தோல்செருப்பு என்று ஒவ்வொன்றாக வாங்கிவந்து கட்டிலில் பரப்பி வைத்தாளே, அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மச்சான், தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி நம்மூரில் ஒரு பெண்பிள்ளை எப்போது நடமாடுவாள்? மாமா மவுத்தான பிறகு மாமி நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து அதே வெள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. நானோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம்தான் டாக்டர் என் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, உப்பைக் குறைங்க" என்றார். ஒன்றுமில்லாதவனிடம் எதற்கு உப்பைப் பற்றிப் பேச வேண்டும்? அன்றிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்த நேரத்தில் வீட்டுக்குள் வெள்ளை வந்து சேர்ந்தால் மனுஷன் என்ன நினைப்பான்? "பதூல், நுஸ்ஹா கல்யாணத்துக்குப் போட்டியே பச்சைக் காஃப்தான் அங்கி, அதைப் போடேன்" என்று நயமாகத்தான் கேட்டேன். "அது இடுப்புல ஏறாது" என்றாள். "பிரிச்சுத் தைச்சுக்கலாமே" என்றேன். "உங்க சட்டையில தொங்குற பட்டனைத் தைக்கவே இங்க ஆளில்ல" என்றாள். நுஸ்ஹாவுக்குப் போன் போட்டேன். "பாபா, அதெல்லாம் அந்தக் காலம். இங்க கல்யாணப் பொண்ணுங்களே வெள்ளைதான் போடுறாங்க." "கல்யாணப் பொண்ணுக்குப் பக்கத்துல மாப்பிள்ளை உசிரோட நிக்கிறான்மா." "நீங்களும் உசிரோடதானே நிக்கப்போறீங்க?" இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் விட்டாளா? திரும்பக் கூப்பிட்டு, "பாபா, முடிக்குக் கொஞ்சம் சாயம் பூசிக்கங்க, படத்துல தாத்தா மாதிரி தெரிவீங்க" என்றாள். நான் தாத்தாதானே!

சரி என்று பூசினேன். டப்பாவில் கறுப்பு என்று போட்டிருந்தது, தலையில் கத்தரிக்காய் நிறம் வந்தது. அது வெளுக்கும் வரை யார் கண்ணிலும் படக் கூடாது என்று காபிக்கடைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். இதற்கிடையில் பதூல், புதுத்துணி சுருங்கினால் இப்போதே சுருங்கட்டும் என்று அந்த அங்கியை அலசி, முக்காடு காலுறை சகிதம் மொட்டைமாடிக் கொடியில் விரித்துவிட்டாள். எதிர்வீட்டு லல்லா ஹ்னியாவுக்குக் கண் எங்கே இருக்கும்? எங்க கொடியிலதான். தாமியைக் காபிக்கடையில காணோம், தாமி வீட்டு மாடியில வெள்ளை காயுது. கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

மத்தியானம் கதவு தட்டுற சத்தம். தலையில துண்டைச் சுத்திக்கிட்டு நான்தான் போய்த் திறந்தேன். லல்லா ஹ்னியா நிக்கிறா, கையில துக்க வீட்டுக்குக் கொண்டுபோற சர்க்கரைக் கூம்பு, குனிஞ்ச தலை நிமிரல. "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும். நல்ல மனுஷன். கொஞ்சம் கஞ்சன், ஆனா நல்ல மனுஷன்." "யாரு லல்லா?" என்று கேட்டேன். "தாமிதான், வேற யாரு..." என்று நிமிர்ந்து பார்த்தவள் போட்ட கூச்சலில் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பின்னாலேயே அல்லால்னு என் காபிக்கடைச் சிநேகிதன் வந்தான், அவன் கையிலயும் ஒரு கூம்பு. அவன் பயப்படல மச்சான், கோவிச்சுக்கிட்டான். "டேய் தாமி, அடக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே, நாங்க என்ன வேத்து மனுஷங்களா?" "நான் சாகலடா!" "அதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

இந்த அமளியில உங்க தங்கச்சி என்ன செஞ்சா? மெத்தையில உருண்டு உருண்டு சிரிச்சா. லல்லா ஹ்னியா வெட்கப்பட்டுக்கிட்டு சர்க்கரையைத் திருப்பி எடுக்கப் போனா, "இருக்கட்டும் லல்லா, எப்படியும் ஒரு நாள் வேண்டியிருக்கும்" என்று வாங்கி அலமாரியில வெச்சா. சாயங்காலத்துக்குள்ள அலமாரி நிறைஞ்சுபோச்சு. என் துக்கத்துக்கு வந்த சர்க்கரையைத் தட்டிப் போட்டு, வந்தவங்களுக்கெல்லாம் புதினா டீ நானே ஊத்திக் குடுத்தேன். எல்லாரும் நல்லா இருக்குன்னு இன்னொரு கிளாஸ் கேட்டாங்க. எனக்குத்தான் இறங்கல.

தாங்களும் சிரிக்காதீர்கள் மச்சான். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். தலையோடு காலாக வெள்ளையில் அவள், பக்கத்தில் நான். பார்க்கிறவன் என்னை ஏற்கெனவே போய்விட்ட ஆளாகத்தானே பார்ப்பான்? நானும் அவளும் சேர்ந்து இருக்கும் படம் கல்யாணத்தன்று எடுத்தது ஒன்றுதான். அதில் தாங்கள் பலகாரத் தட்டோடு குறுக்கே போய் என் முகத்தை முழுசாக மறைத்திருக்கிறீர்கள். அதை நான் இத்தனை வருஷம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன். அதற்கு ஈடாகத் தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பதூலுக்குப் போன் செய்து, அண்ணன் என்ற முறையில், பச்சைதான் உடுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். என் பேச்சை அவள் எந்தக் காலத்தில் கேட்டாள்?

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், சின்னவர்களுக்கு என் துஆ. தங்கள் முழங்காலுக்குச் சூடான ஆலிவ் எண்ணெய் தடவவும். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆயுளை நீட்டித் தருவானாக, எனக்குக் குறைந்தபட்சம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது.

இப்படிக்கு,
இதை எழுதி முடிக்கும் வரை உயிரோடு இருக்கும்
தாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பதூல் அந்த வெள்ளையை உடுத்திக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று வந்து நின்றாள். என்னால் அடக்க முடியவில்லை. "என்ன, நான் போறதுக்கு முன்னாடியே ஒத்திகையா?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு வெள்ளைன்னா உசிரு. கல்யாணத்தன்னிக்கு மாத்தி மாத்தி உடுத்தினதுல ஒண்ணு வெள்ளை, நீங்க வெட்கத்துல நிமிர்ந்தே பார்க்கல. அதுக்கப்புறம் ஊர் என்ன சொல்லுமோன்னு தொடல. நீங்க போயிட்டா எப்படியும் உடுத்தத்தான் போறேன். அப்ப நல்லா இருக்குன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அதான், நீங்க இருக்கும்போதே ஒரு தடவை உடுத்தி, உங்க பக்கத்துல நிக்கலாம்னு." மச்சான், அவளுக்கு அது அவ்வளவு பொருத்தம். இத்தனை வருஷம் பார்க்காமல் போனேனே என்று அழுதுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். பச்சை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். ஆனால் இந்த நிமிஷம் நுஸ்ஹாவிடமிருந்து சேதி வந்திருக்கிறது: தோப்பு வெயிலில் வெள்ளை கண்ணைக் கூசுமாம், படம் எடுக்கிறவர் வேண்டாம் என்கிறாராம், எல்லோரும் பச்சை உடுத்த வேண்டுமாம். இதைக் கண்டதும் அவளுக்குப் போன் போட்டு, தாய்மாமன் என்ற முறையில், வெள்ளைதான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது தட்டு எதையும் தூக்காதீர்கள். வரும்போது சர்க்கரை வாங்கிவர வேண்டாம், நிறைய இருக்கிறது.