மூணு மணிக்கு முழிக்காத கார்டு

மூன்று மணிக்குக் கார்டு மறுபடியும் எழுந்திருக்கவில்லை.

"போச்சா?" என்றாள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லாமேரி, கொட்டாவியை மென்றபடி.

"போகாது. நான் இருக்கேன்ல" என்று மேசைக்கடியிலிருந்து சரிதாவின் குரல் வந்தது.

லூயிஸ் ஐயாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஆபீஸில் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம். புதுச்சேரியில் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. கம்ப்யூட்டர்களும், அவற்றுக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டுகளும் கரண்டை மிச்சம் பிடிக்கக் கூடவே தூங்கும். மூன்று மணிக்கு ஆட்கள் எழுந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரும் எழுந்துவிடும். கார்டு மட்டும் எழாது. பாரிஸில் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் இங்கே லைன் செத்துக் கிடக்கும்.

கார்டைத் தூங்கவைத்து எழுப்புகிற டிரைவர் புரோகிராம், லாஸ்பேட்டையில் சரிதா வேலை பார்க்கும் கம்பெனி எழுதியது. மேனேஜர் கமலக்கண்ணன் சீனியர்களை எல்லாம் விட்டுவிட்டு, நேற்றுச் சேர்ந்த அவளைக் கூப்பிட்டார்.

"சரியாயிடுச்சுன்னு லூயிஸ் ஐயா கையெழுத்தோட வந்தா வேலை பெர்மனன்ட். இல்லன்னா வராத."

பாகூரில் நாற்று நடுகிற குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. "வராத" என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்கிற ரகமில்லை அவள்.

முதலில், கார்டு தூங்கவே கூடாது என்று எழுதினாள். கார்டு தூங்காததால் கம்ப்யூட்டரும் தூங்கவில்லை. மறுநாள் கரண்டு போனதும் எல்லாமாகச் சேர்ந்து யுபிஎஸ் பாட்டரியை உறிஞ்சித் தீர்த்தன. லூயிஸ் ஐயா அடித்துக்கொண்டிருந்த கடிதம் பாதியில் காணாமல் போனது.

"மோன் தியே! நாலு பக்கம்மா!"

"இன்னொருவாட்டி அடிங்க ஐயா. ரெண்டு பக்கத்துல முடிஞ்சிரும்."

அடுத்து, லைனில் எது அசைந்தாலும் எழுந்திரு என்று எழுதினாள். ஒன்று எழுந்து மற்றதைக் கூப்பிட்டது. மேசைமேல் தலைவைத்து ஆபீஸே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. அக்கவுண்டன்ட் கன்னியப்பன் நாற்காலியோடு மல்லாந்தார்.

"ஏம்மா, நீ படிச்சிட்டுத்தான் வந்தியா?"

"படிச்சதனாலதான் உங்க தூக்கத்த கெடுக்குறேன். அந்தாண்ட நவுருங்க."

கோபத்தோடு புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தாள். எழுப்புகிற இடத்தில், கார்டு கண்ணைத் திறந்ததுமே மறுபடியும் படுக்கவைக்கும் வரி ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"எந்த மடையன் எழுதினான் இத?"

அழித்தாள்.

அடுத்த நாள் தூக்கம் முடிந்ததும் லூயிஸ் ஐயா வந்து ஒரு பட்டனைத் தட்டினார். கார்டின் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாரிஸ் கடிதங்கள் வந்து கொட்டின.

"பிராவோ, மத்மொசேல்!"

நீளமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வந்ததை எல்லாம் இன்றைக்கே முடிக்கவேண்டும் என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சரிதா பையை மாட்டினாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்னாக்கா, ஒரு தேங்க்ஸ் கூடவா கெடையாது?"

ஸ்டெல்லாமேரி அவளை ஓரமாக இழுத்தாள்.

"மத்தியானத்துல கார்டு முழிக்கக் கூடாதுன்னு எங்களுக்காக எழுதிக் குடுத்ததே உங்க மேனேஜர் சாருதாம்மா. சரி பண்ணச் சொல்லி எங்க பெரியவரு தொல்ல தாங்கல, சரி பண்ணவே தெரியாத ஆளாப் பாத்து அனுப்புறேன்னு சொன்னாரே... அந்த ஆளு எப்ப வரும்?"