கேட் காக்காவும் ரெண்டாம் நம்பர் பாட்டும்

திருநெல்வேலிப் பக்கத்தில் திறந்து மூடுவதற்காகக் கேட் செய்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். செய்து முடித்த கேட்டில் விரலால் தாளம் போட்டுப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று மறுபடி அறுத்து ஒட்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் 'கேட் காக்கா'. காயல்பட்டினத்துக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். பள்ளிக்கூடமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களக்காட்டில் வாழைத்தார் சுமந்தேன். ஆந்திராவில் போர்வெல் லாரியில் படுத்துக் கிடந்தேன். கோட்டயத்தில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். சில இடங்களை நான் விட்டேன், சில இடங்கள் என்னை விட்டன. பேட்டையில் இறங்கிய அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பட்டறைத் தகரத்தில் 'ஆள் தேவை' என்று சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன்.

"வெல்டிங் தெரியுமாலே?"

"தெரியாது."

"படிப்பு?"

"எட்டு."

"சரி, இதக் கேளு" என்று போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டார். ஒரு பெண் குரல், அழுத்தமே இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலப் பாடியது:

எங்க வீட்டு ஃபேனு ரெண்டாம் நம்பர்ல மட்டும் சுத்தும்;
அஞ்சுல வச்சா அதுக்குத் தலை சுத்தும்,
ஒண்ணுல வச்சா எனக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்கா போனை அணைத்தார். "வேலை ஒனக்குத்தான். அங்கன தூக்குல சோறு இருக்கு, போய்த் தின்னு."

முந்தின நாள் ஐ.டி.ஐ. முடித்த ஒருவன் சான்றிதழோடு வந்தானாம். பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, 'கண்டன்சர் மாத்தணும் சார்' என்றானாம். அனுப்பிவிட்டார். "சிரிப்பு வராதவன் கையில நெருப்பக் குடுக்கப்படாதுலே" என்பது காக்காவின் கட்சி.

அந்தப் பாட்டைப் பாடிய குழுவின் பெயர் 'ஈரத் தீப்பெட்டி'. சென்னையில் மூன்று பேர். பாட ஒரு பெண், கிதாருக்கு ஒருவர், ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்ட ஒருவர். சினிமாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. கடைசி நிமிஷத்தில் மாறும் ரயில்வே பிளாட்பாரம், மாமனார் வீட்டு டி.வி. ரிமோட், மகனைவிட வயதில் மூத்த வீட்டுக்கடன் என்று இவற்றைப் பற்றியே முகத்தைச் சுளிக்காமல் பாடுவார்கள். இணையத்தில் ஒவ்வொரு பாட்டையும் சில ஆயிரம் பேர் கேட்டிருந்தார்கள். அதில் முக்கால்வாசி காக்காவின் போன்.

அவருக்கு இந்தப் பித்து பிடித்தது வளைகுடாவில். அவர் அங்கே வேலையில் இருந்தபோது ஊரில் மனைவி காலமாகிவிட்டார். அடக்கத்துக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தாராம். ஒரு நாள் அறையில் கூட இருந்த ஒருவர் போனில் ரெண்டாம் நம்பர் பாட்டு ஓடியது. "சிரிச்சிட்டேன்லே. சிரிச்ச பொறவுதான் அழுகையே வந்துச்சு" என்று ஒரு தடவை கிரில்லுக்குப் பிரைமர் அடித்துக்கொண்டே சொன்னார். பிரஷ்ஷை என் கையில் கொடுத்து அடுத்த கோட் அடிக்கச் சொன்னார்.

அந்தக் குழுவுக்குத் தன்னால் ஆன விளம்பரத்தையும் செய்தார். கேட்டின் நடுவில் ஒரு தீப்பெட்டியும் அதற்கு மேல் ஒரு நீர்த்துளியும் வைத்து ஒட்டிவிடுவார். வாடிக்கையாளர் சூரியன் கேட்டாலும் தீப்பெட்டிதான், தாமரை கேட்டாலும் தீப்பெட்டிதான். டவுனில் அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி வீட்டுக்குக் கேட்டை மாட்டப் போன அன்று நானும் கூட இருந்தேன்.

"என்னவே இது?"

"தீப்பெட்டி அண்ணாச்சி."

"நான் மயிலுல்லாவே கேட்டேன்!"

"மயிலு எல்லா வீட்டுலயும் நிக்குதே. ஒண்ணாவது ஆடுதா?"

"மேல என்ன, கண்ணீரா?"

"தண்ணி. நனைஞ்ச தீப்பெட்டி."

"வாசல்ல நனைஞ்ச தீப்பெட்டிய வச்சா குடும்பம் வெளங்குமாவே?"

"நெருப்புப் பிடிக்காதுல்லா அண்ணாச்சி. வீட்டுக்கு அதுதான் நல்லது."

அண்ணாச்சி கேட்டை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "இனி இந்த வாசல்ல மிதிக்காதேரும்" என்றார். ஆனால் கேட்டைக் கழற்றச் சொல்லவில்லை.

ஒரு தடவை சென்னையில் ஈரத் தீப்பெட்டியின் கச்சேரி என்று தெரிந்ததும் காக்கா பட்டறையைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். முதல் வரிசையில் இடமும் பிடித்துவிட்டார். பாடுகிற பெண் மேடை ஏறும்போது இரும்புப் படி லேசாக ஆடியது. அதோடு காக்காவுக்குக் கச்சேரி முடிந்துவிட்டது. இறங்கும்போது அந்தப் பெண் விழுந்துவிடும் என்று அடுத்த தெருவில் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, மெஷினை வாங்கி வந்து, மேடைக்கு அடியில் புகுந்து வெல்டிங் வைத்தார். பொறி பறந்ததை ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியதாம். அவர் தூசியோடு வெளியே வந்தபோது எல்லாரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் போனில் இருந்த ஒரே படம் ஒரு செருப்புக்கால். மேடைக்கு அடியிலிருந்து எடுத்தது, படியில் இறங்கிய அந்தப் பெண்ணின் கால்.

"பாட்டு எப்படி காக்கா?"

"படி அசையலலே."

பிறகு ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "ரெண்டாம் நம்பர் பாடிருக்காவோ. மெஷின் சத்தத்துல கேக்கல. அத ஒரு தடவ நேர்ல கேட்டிரணும்லே."

நான் சேர்ந்த மூன்றாவது வருஷம் அந்தச் செய்தி வந்தது. பாடும் பெண் குடும்பத்தோடு வெளிநாடு போவதால் குழுவைக் கலைக்கிறார்கள். அதற்கு முன் கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் வந்து ஒரு கச்சேரி. ஒரே நிபந்தனை: கடைசிவரை நூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் ரெண்டாம் நம்பர் பாடுவார்கள். ஒருத்தர் குறைந்தாலும் சுமாரான ஒரு பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். கூப்பிட்டவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

காக்கா அன்றைக்கே, சென்னையில் வெல்டிங் வைத்த படியையும் ஒரு வரி சேர்த்து, அவர்களுக்கு எழுதினார். 'படி வச்ச அண்ணன்தானே? வர்றோம்' என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு அரை நாள் விடுமுறை விட்டார். இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

நூறு பேருக்கு எங்கே போவது? மாவட்டத்தில் அந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். அதில் நான் சம்பளத்துக்குக் கேட்டவன். கடைசியில், கேட் செய்து கொடுத்த வீடுகளையெல்லாம் அழைப்பது என்று முடிவு செய்தார். பேட்டையிலேயே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். அச்சகத்தில் கல்யாணக் கார்டைத் தவிர வேறு அட்டை இல்லை. இரண்டு ரோஜாவும் தங்கக் கரையும் போட்ட அந்த அட்டையிலேயே, 'ஈரத் தீப்பெட்டி குழுவினரின் பாட்டுக் கச்சேரி, ஞாயிறு மாலை நாலரை மணி' என்று தெளிவாக அச்சடித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கற்கண்டுத் தட்டோடு, மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை வரை வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு பைக்கின் பின்னால் நான்.

எங்கள் ஊரில் கல்யாணக் கார்டை யாரும் படிப்பதில்லை. எந்த மண்டபம், எத்தனை மணி என்று பார்த்துவிட்டு அலமாரி மேல் வைத்துவிடுவார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. போன வீட்டிலெல்லாம் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். மேலப்பாளையத்தில் எங்களிடம் கேட் வாங்கியிருந்த சுலைகா மாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம் ஊருக்குப் பாட்டு மேல் இத்தனை பிரியமா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. நானூறு பேர் இருக்கும். பட்டுப்புடவை, அத்தர் வாசனை, மல்லிகைப்பூ. கையில் ஆளுக்கொரு பொட்டலம். வாசலை மிதிக்காதே என்ற அரிசி மண்டி அண்ணாச்சிகூட மடிப்புக் கலையாத வேட்டியில் வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டார். குழுவினர் காரிலிருந்து இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

"எல்லாரும் ஏன் பட்டுல வந்திருக்காங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

"எங்க ஊர்ல பாட்டுன்னா அப்படித்தாம்மா" என்றேன்.

முதல் பாட்டை அமைதியாகக் கேட்டார்கள். இரண்டாவது பாட்டில் எல்லாக் கண்ணும் மேடையின் பக்கவாட்டுக் கதவிலேயே இருந்தது. அது முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து சுலைகா மாமியின் குரல் கேட்டது.

"ஏப்பா, பொண்ண எப்பக் கூட்டிட்டு வருவிய?"

"எந்தப் பொண்ணு மாமி?" என்றார் காக்கா.

"நீ கட்டப்போற பொண்ணுதான்!"

காக்கா மெதுவாகத் திரும்பினார். ஒவ்வொரு மடியிலும் இருந்த சுவர்க்கடிகாரத்தையும் போர்வையையும் அப்போதுதான் பார்த்தார். மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

"தப்பு என் மேலதான். எனக்குக் கல்யாணமெல்லாம் இல்ல. என் வீட்டுக்காரி மவுத்தான பொறவு அந்த நெனப்பே வரல. இந்தப் புள்ளைகளோட பாட்டு மட்டும்தான். எல்லாரும் மாப்பு தரணும்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, "பிரியாணியும் இல்ல. சுக்குக்காப்பியும் முறுக்கும் இருக்கு" என்றார்.

"பிரியாணி இல்லாத கல்யாணத்தப் பார்த்திருக்கேன். பொண்ணு இல்லாத கல்யாணமாவே?" என்று அண்ணாச்சி எழுந்தார். அவரோடு நாற்காலிகள் நகரும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் தப்பில்லை, இன்னொரு கல்யாணத்துக்கு ஆகும்.

காக்கா மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்தப் பெண் சபையைப் பார்த்து, "மாப்பிள்ளையே வேண்டாம்னு சொன்ன கல்யாணத்துல நாங்க இதுவரைக்கும் பாடினதில்ல. போறவங்க பத்திரமாப் போங்க. இருக்கிறவங்க முன்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் வீட்டு ரிமோட் பாட்டைத் தொடங்கினார். செய்தி பார்க்க ஆசைப்பட்டு மூன்று நாள் சீரியல் பார்த்த மருமகனின் கதை அது. முதலில் சுலைகா மாமி சிரித்தார். மாமி சிரித்தால் பத்துப் பேர் சிரித்தாக வேண்டும், அப்படிப்பட்ட சிரிப்பு. வாசல்வரை போன அண்ணாச்சி அங்கேயே நின்று கேட்டார். "என் மாமனாரும் இப்படித்தாம்வே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. கடைசியில் பெட்டி தட்டுகிறவர் கீழே இறங்கி வந்து ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினார். காப்பி ஊற்றியவர், மண்டபத்து வாட்ச்மேன் எல்லாரையும் உட்கார வைத்துச் சேர்த்து எண்ணினார்.

"தொண்ணூத்தொம்பது."

காக்கா மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் தொண்ணூற்றொன்பது.

"பரவாயில்லண்ணா, பாடிடுறோம்" என்றார் அந்தப் பெண்.

"வேண்டாம்மா. நூறுன்னா நூறுதான். எரக்கப்பட்டுப் பாடினா அது அந்தப் பாட்டு இல்ல." ரோட்டில் யாராவது கிடைப்பார்களா என்று வெளியே ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாகக் கிடந்தது. திரும்பி வரும்போது என்னைப் பார்த்தார். நான் ஓரத்தில் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதன் ஸ்டாண்டுக் கால் முதல் பாட்டிலேயே வழுக்கிவிட்டது.

"ஏலே, ஒன்ன எண்ணுனாவளா?"

"நான் வேலைக்காரன்லா காக்கா."

"வேலைக்காரனுக்குக் காது கெடையாதா? போய் உக்காரு."

"விட்டா சாஞ்சிரும்."

"குடு இங்கன."

எத்தனையோ மண்டபங்களில் நான் நாற்காலி போட்டிருக்கிறேன். அண்டா கழுவியிருக்கிறேன். வேறு இடம் இல்லாமல் மேடையிலேயே படுத்துத் தூங்கியும் இருக்கிறேன். விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. எந்தப் பக்கம் போவது என்றுகூடத் தெரியவில்லை. அரிசி மண்டி அண்ணாச்சி பக்கத்து நாற்காலியிலிருந்து தன் துண்டை எடுத்தார். "உக்காரும்வே. சட்டையில இருக்க அந்தப் பெயிண்டு காஞ்சதுதான?"

உட்கார்ந்தேன். பெட்டி தட்டுகிறவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திவிட்டு மேடை ஏறினார்.

ரெண்டாம் நம்பர் தொடங்கியது. காக்கா ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, காதை அதன்மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சபை சிரித்த இடத்தில் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையை எடுத்தால் ஸ்பீக்கர் சாய்ந்துவிடும்.

பக்கத்தில் அண்ணாச்சி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிகிறவரை நான் காக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.