டம்ளரோடு போன கல்யாணச் சீர்

கல்லாவில் உட்காரவே கூடாத ஆட்கள் சிலர் உண்டு. இன்றைக்கு நல்லவனாக இருந்தே தீருவது என்று முடிவெடுத்தவன் அதில் முதல் ரகம். (நான்தான்.)

என் மனைவியின் தம்பி செந்திலுக்கு மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில் பாத்திரக்கடை. ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை வரவழைத்தான்.

"பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன் மாமா. பச்சைமலையிலேர்ந்து கல்யாணப் பார்ட்டி வராங்க. முழுச் சீரும் நம்மகிட்டதான். டீ சொல்லி உட்கார வைங்க, போதும்."

ஆடி மாதம் முழுக்க ஈ ஓட்டியவன், அந்த ஒரு சீரைத்தான் நம்பியிருந்தான்.

வந்தார்கள், அம்மாவும் மகளும். டீயும் வந்தது. கூரை இடுக்கில் ஒற்றைக் கோடாக இறங்கிய வெயில், பித்தளைமேல் பட்டுக் குட்டிக் குட்டிச் சூரியன்களாகச் சிதறியது. மகள் ஒரு குத்துவிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மா விலை கேட்டுப் பெருமூச்சு விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"இதே விளக்கு எதிர்க்கடையில விலை கம்மிங்க." (யாரும் கேட்கவில்லை.)

போனார்கள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் உச்சிப்பிள்ளையார் கோயில் வரை பறந்திருப்பேன்.

அதற்குள் எதிர்க்கடை நாகராஜன் அவர்களைத் திரும்பக் கூட்டி வந்தார். அம்மா கையில், வைக்க மறந்து எடுத்துப்போன எங்கள் டீ டம்ளர்.

"என்னங்க இது? ஒரு கடையில டீ குடிச்ச பார்ட்டிக்கு அன்னைக்கு இன்னொரு கடையில விக்க மாட்டோம். இந்தச் சந்துல அப்படித்தான்."

"விலை கம்மின்னு நான்தாங்க அனுப்பினேன்."

"அது உங்க மனசாட்சிங்க. இது எங்க தொழில் தர்மம்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு அங்க போங்கறாரு, அவரு இங்க போங்கறாரு. விளக்குல ஓட்டை கீட்டை இருக்காடி? வா, தஞ்சாவூர்லயே வாங்கிக்கலாம்."

டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் போயே போய்விட்டார்கள்.

செந்தில் வந்தபோது அந்தக் காலி டம்ளரோடுதான் நின்றிருந்தேன். கதையைக் கேட்டுவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கல்லாமேல் வைத்தான். பிறகு சொன்னான்: "நீங்க பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் மாமா."

என் மனசாட்சிப்படி நான் சரி. சந்தின் கட்டுப்பாட்டின்படி நாகராஜன் சரி. இத்தனை சரிகளுக்கு நடுவில் அந்தப் பெண் ஏன் விளக்கில்லாமல் போனாள்? காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போதெல்லாம் யோசிக்கிறேன்; விடை கிட்டே வரும்போது என் ஸ்டாப்பும் வந்துவிடுகிறது.

வீட்டில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ரசத்தில் உப்பு தூக்கல் என்று லேசாக முகம் சுளித்தால் போதும்.

"எதிர்வீட்டுல நல்லாயிருக்கும், போங்க" என்பாள் மனைவி. "டம்ளரை மட்டும் வெச்சுட்டுப் போங்க."