முனையில் நின்ற நூலகர்

டெய்லர் இன்னும் வரவில்லை.

நூலகர் முச்சந்தியில் வண்டியை ஓரங்கட்டி, அதன் பக்கத்தில் நட்டுவைத்த கல் மாதிரி நின்று இருபது நிமிஷமாகிவிட்டது. எதிரே ஒரு சின்ன மருத்துவமனை. அதன் வாசலில் நின்ற நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிற்கச் சொன்னது மச்சினன். காலையில் அணைக்கட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிய மற்ற ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தியிருந்தான்.

"முன்னாடி நான் போவேன். ஒருத்தர் நம்ம பாதி ரோட்டோட இடது ஓரம்னா அடுத்தவர் அதோட வலது ஓரம், நடுவுல நல்ல இடைவெளி. முந்தற வேலை யாருக்கும் கிடையாது. எங்கெல்லாம் ரோடு திரும்புதோ, எனக்கு அடுத்து வர்றவர் அந்த முனையில இறங்கி நின்னு மத்தவங்களுக்கு வழி காட்டணும். கடைசி ஆள் தாண்டிப் போற வரைக்கும் அங்கேருந்து அசையக் கூடாது. அப்பத்தான் யாரும் வழி தப்ப மாட்டாங்க, தப்பினாலும் யாருன்னு தெரியும்."

"எல்லாரும் ஹெல்மெட் போட்டிருக்கோமே மச்சான், கடைசி ஆள் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"முதுகைப் பாருங்க மாமா. எல்லாருக்கும் ஒரே மஞ்சள் கோட்டுதான். டெய்லர் முதுகுல மட்டும் 'கடைசி வண்டி'ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். அந்தக் கோட்டு இல்லாம அவர் வண்டியையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

முப்பது வருஷமாகப் புத்தகங்களை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டவர் நூலகர். இந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எட்டுக் கோட்டையும் தைத்தது டெய்லரே. ஆளாளுக்கு அளவெடுக்கச் சோம்பல்பட்டு எட்டையும் தன் அளவுக்கே தைத்துவிட்டார். ஒவ்வொன்றின் நெஞ்சுப் பையிலும், அடிபட்டால் கட்டுவதற்கு, கட்டுத்துணிப் பொட்டலம் ஒன்று வேறு வைத்திருந்தார்.

பயணத்தில் எல்லாம் சரியாக நடந்தாக வேண்டும். நூலகருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால்தான் அதைத் துடைப்பார். ஆனால் புறப்படும்போது மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"என் தம்பி கூட இருக்கான்னுதான் விடறேன். ஒரு கீறல், ஒரு தலைசுத்தல்னு சேதி வந்தாலும் சரி, அந்த வண்டி இந்த வீட்டுல இருக்காது. எதிர்வீட்டு வாத்தியார் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"ஒரு குறையும் வராது, பாரு."

"பார்க்கத்தானே போறேன்."

பத்து மைல் வந்ததும் டீக்கடையில் நிறுத்தினார்கள். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் குவித்தார்கள். நூலகர் இரண்டு வாய் குடிப்பதற்குள் மனைவியின் போன்.

"மாத்திரை போட்டீங்களா?"

"இதோ போடறேன்."

"இதோன்னா?"

அதற்குள் மச்சினன் விசில் ஊதிவிட்டான். நூலகர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குவியலில் கைக்கு வந்த கோட்டை எடுத்து மாட்டி, மனைவி கட்டிக்கொடுத்த மூட்டை போன்ற பையை அதன்மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினார். மச்சினனுக்கு அடுத்த இடம் அவருடையது. ஆகவே முதல் முனையில் அவர்தான் நின்றார்.

அவரைத் தாண்டி ஐந்து வண்டிகள் போயின. ஐந்து முதுகையும் பார்த்தார். ஒன்றிலும் எழுத்தில்லை. ஆறாவதாக வரவேண்டிய டெய்லரைக் காணோம்.

பையைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பின்னால் வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, அவரையும் அவர் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இந்த வயதில் வண்டி ஓட்டினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று நூலகர் அதைப் பொருட்படுத்தவில்லை.

டெய்லருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்தபோது நூலகருக்கு நெஞ்சு படபடவென்று நடுங்கியது. அப்படி ஒரு நடுக்கம் அவருக்கு இதற்கு முன் வந்ததில்லை. போனை வைத்துவிட்டு மூச்சை இழுத்துவிட்டார். அடங்கியது.

மச்சினனைக் கூப்பிட்டார்.

"மச்சான், எங்க இருக்கே?"

"அணைக்கட்டுக்கு வந்துட்டேன் மாமா. எட்டுப் பேரா கிளம்பி நான் ஒருத்தன் வந்து சேர்ந்திருக்கேன். ஆறு முனையில ஆறு பேர் நிக்கறாங்க. டெய்லர் வந்தாரா?"

"வரலை. மத்தவங்களையாவது நீ வரச் சொல்லேன்."

"சொல்லிப் பார்த்தேன். கடைசி வண்டியைக் கண்ணால பார்க்காம நகர மாட்டோம்கறாங்க. சத்தியம் வாங்கினது நான்தானே."

"நான் வேணா டீக்கடை வரைக்கும் திரும்பிப் போய்ப் பார்க்கட்டுமா?"

"ஐயோ வேண்டாம் மாமா. நீங்க அந்தப் பக்கம் போக, அவர் குறுக்கு வழியில இந்தப் பக்கம் வந்தா, அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும். நீங்க அசையாதீங்க. எல்லாரையும் விடாம டெய்லருக்குப் போன் போடச் சொல்றேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிச்சா எடுத்துத்தானே ஆகணும்."

நல்ல யோசனைதான். ஆனால் அதற்கப்புறம் நூலகரின் நிலைமை மோசமாகிவிட்டது. அடங்கியிருந்த நெஞ்சு மறுபடி ஆரம்பித்தது. அரை நிமிஷம் துடிக்கும், நிற்கும், மூச்சு விடுவதற்குள் திரும்பத் துடிக்கும். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். கையே நடுங்கியது. வண்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி கூப்பிட்டாள்.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னு சொல்ற குரலா இது? உண்மையைச் சொல்லுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "லேசா நெஞ்சு படபடன்னு வருது. வருது, போகுது."



"வலி இருக்கா? வேர்க்குதா?"

"வலி இல்லை. வெயில்ல நிக்கறேன், வேர்க்கத்தானே செய்யும்."

"பக்கத்துல டாக்டர் யாராவது?"

"எதிர்லயே ஆஸ்பத்திரி. ஆனா நான் இந்த முனையை விட்டு நகரக் கூடாது. உன் தம்பியோட விதி."

"அவனை நான் கவனிச்சுக்கறேன். நீங்க இப்பவே உள்ள போறீங்க. போனை வைக்கக் கூடாது. நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு அங்க இருக்கறவங்க என்கிட்ட நேரா சொல்லணும். சொல்லலைன்னா வாத்தியாரைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்துடுவேன். ரெண்டாவது சாவி என்கிட்டதான் இருக்கு."

நூலகர் சாலையைக் கடந்தார். உள்ளே டாக்டர் இல்லை, நர்ஸ்தான் இருந்தாள்.

"ரொம்ப நேரமா வெளியில நின்னுக்கிட்டிருந்தீங்களே, நீங்கதானே?"

"கடைசி வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்கேம்மா."

அவள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். "சரி, கோட்டைக் கழட்டுங்க, சட்டையைத் திறங்க, படுங்க."

கோட்டை அவளே வாங்கிச் சுவரில் ஆணியில் மாட்டினாள். நூலகர் ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுத்தார். அங்கிருந்து முனை தெரிந்தது. இசிஜிக்கான குமிழ்களை அவள் நெஞ்சில் ஒட்டுகிறபோதும் அவர் கண் சாலையை விட்டு அகலவில்லை.

"அந்தப் பக்கம் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தர் போனா சொல்லும்மா. முதுகுல எழுத்து இருக்கும்."

"பேசாதீங்க. கையை ஆட்டாதீங்க."

"இப்ப துடிப்பு நின்ன மாதிரி இருக்கே. படுத்ததும் சரியாயிடுச்சோ என்னவோ."

மேஜைமேல் இருந்த போனிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "படுத்தா நிக்கற துடிப்பும் துடிப்புதான். நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க. வாத்தியார் வாசல்லயே நிக்கறாரு."

இயந்திரத்திலிருந்து காகிதம் நீளமாக வந்து விழுந்தது. நர்ஸ் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள். நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் போனருகில் குனிந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லை, ஆணியில தொங்கற 'கடைசி வண்டி'ன்னு எழுதின கோட்டுதான் படபடன்னு அடிச்சுக்குது, அதோட பையில இருக்கற போனை எடுத்து அவரையே பேசச் சொல்லுங்க."