வெறும் றோட்டு

பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ முந்திப் போக மறுத்தது.

சுமித்திரா சைக்கிளை ஓரத்துக்கு எடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டிப் பார்த்தாள். ஓட்டோக்கார மயில்வாகனம் அதைப் பாண் கேட்கிற சைகை என்று எடுத்துக்கொண்டு, ஓட்டோவில் போட்டிருந்த பாட்டை இன்னும் கூட்டி வைத்து, இரண்டு சைக்கிளுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். போதாக்குறைக்கு எதிரே கணபதியின் உழவு இயந்திரம் பெட்டி நிறைய வைக்கோலோடு வந்தது. சுமித்திராவைக் கண்ட கணபதி மரியாதைக்காக நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமலே சுகம் விசாரித்தார். அந்த இரைச்சலில் அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது.

மற்றச் சைக்கிளில் இருந்தவள் அருந்ததி. வெளிநாட்டுக்காரரைச் சைக்கிளில் ஊர்காட்டக் கூட்டிப்போகும் ஒரு கொழும்புக் கொம்பனிக்காகப் பாதை பார்க்க வந்தவள். மாங்குளத்தில் இருந்து உள்ளுக்குப் பிரிந்து, கனகராயன் ஆற்றோடு வளைந்து, மருத நிழலுக்குள்ளால் மருதமுறிப்பு ஊரைக் கடந்து, வன்னியை ஆண்ட வன்னியர் காலத்துக் கற்கட்டடமும் பிள்ளையார் கோயிலும் இடிந்து கிடக்கிற ஆற்றங்கரை வரைக்கும் போகும் அந்தப் பாதையைக் கொம்பனிக்குச் சொன்னவள் அந்த ஊர்க்காரி சுமித்திராதான். வாகனமே வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

வைக்கோல் தூசிக்குள் நின்று அருந்ததி தலையில் இருந்த துரும்பைத் தட்டினாள்.

“பாதை நல்ல வடிவு அக்கா. ஆனா வாறவை தேடி வாறது அமைதியை. வாற சனிக்கிழமை ஒரு குழு வருது. அண்டைக்கு எப்பிடி இருக்குதெண்டு பாத்துத்தான் கொம்பனி முடிவெடுக்கும்.”

சுமித்திராவுக்கு இந்தக் காரியம் சரிவர வேண்டியிருந்தது. அவளுடைய மகள் தேனுகா விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, இருண்ட பிறகு வந்து, சாப்பிட்ட கை காயுமுன் தூங்கிப்போகிறவள். ஊர்ப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான். கிழமைக்கு ஒரு குழு வந்தால் சமைக்க ஆள் வேண்டும், பாதை காட்ட ஆள் வேண்டும். பெற்ற பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், வயலுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுடலைக்கும் ஊருக்கு இருந்தது அந்த ஒரே றோட்டு.

முதலில் மயில்வாகனத்திடம் போனாள். சனிக்கிழமை மட்டும் காலையில் வராமல் பின்னேரம் வரச் சொல்லிக் கேட்டாள். அவர் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். ஆனால் வாடிக்கையாளருக்குத் துரோகம் செய்யாத மனிதர். வீடு வீடாக ஓட்டோவை நிறுத்தி, சனிக்கிழமை வெள்ளைக்காரர் வருகிறபடியால் பாண் பின்னேரம்தான் என்று அறிவித்துக்கொண்டு போனார். அன்று மாலையே இளைஞர் கழகம் கூடியது. ஊருக்கு முதல்முறையாக வருகிற விருந்தாளிகளை மாங்குளச் சந்தியில் இருந்து மோட்டார் சைக்கிள் ஊர்வலமாக, கொடி பிடித்து, கோர்ண் அடித்து அழைத்து வருவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

சுமித்திரா வயல் கமக்காரர் சங்கத் தலைவரிடம் ஓடினாள். அவர், “நீர் பேசாமல் இரும், நான் பாக்கிறன்,” என்றார். பார்த்தார். ஒரு ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, தானே மைக்கைப் பிடித்து, றோட்டின் இந்தத் தலைப்பில் இருந்து அந்தத் தலைப்புக்குப் போனார். அறிவித்தல் என்றால் செந்தமிழில் இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

“சனிக்கிழமை காலை வீதி மூடப்படும். பொதுமக்கள் வீடுகளை விட்டு வெளியே வரவேண்டாம்.”

இந்த வசனத்தை ஊர் யுத்த காலத்தில் முன்னமும் கேட்டிருந்தது. ஓட்டோ திரும்பி வருவதற்குள் பாதி ஊர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. அடையாள அட்டைகளும் காணி உறுதிப் பத்திரமும் பொலித்தீன் பைக்குள் போயின. ஒருவர் முற்றாத மரவள்ளியைக் கிண்டி எடுத்தார். ஒருவர் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு, கோழிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு படலையில் வந்து நின்றார். ஏன், எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. இந்த முறை எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் கேட்டார்கள்.

சுமித்திரா வீடு வீடாக ஏறி இறங்கினாள். இடம்பெயர்வு இல்லை, ஒருவரும் காணி பிடிக்க வரவில்லை, சைக்கிள் ஓடத்தான் நாலு சனம் வருகிறது என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். அவிழ்த்துவிட்ட மாடுகள் அடுத்தவன் பயிரில் நின்றபடியால், அந்தச் சண்டைகளையும் அவளே தீர்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாகப் போனது கணபதி வீட்டுக்கு. அவர் மனைவி இலட்சுமி சிறுநீரகம் பழுதாகி, கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தாள். கட்டிலின் பக்கத்தில் அவளுடைய துணிப்பையும் கட்டி வைக்கப்பட்டிருந்தது. விசயத்தைக் கேட்டதும் இலட்சுமி சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, இருமலுக்குள்ளும் சிரித்தாள்.

“சைக்கிள் ஓடுறதுக்கோடி றோட்டைப் பூட்டுறாய்? நாங்கள் ஒரு சைக்கிளில வீட்டையே கட்டிக்கொண்டு ஓடினனாங்கள். அண்டைக்கு ஆர் எங்களுக்கு றோட்டு விட்டுத் தந்தவை?”

அந்தச் சைக்கிளில், பானை சட்டிகளுக்கு மேல், காய்ச்சலோடு இருந்தது தேனுகா. அப்போது அவளுக்கு நாலு வயது. தாய் சுமித்திராவுக்குக் காலில் காயம். அவ்வளவு தூரமும் சைக்கிளைத் தள்ளினவள் இலட்சுமி. சுமித்திராவும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுமுன் அழுகை வந்தது.

கொஞ்சநேரம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகச் சொல்லி இலட்சுமி கேட்டாள். இன்னும் மூன்று வீடுகளின் மாட்டு வழக்கு மிச்சம் இருந்தது. சனிக்கிழமை கழியட்டும், ஒரு பகல் முழுக்க வந்து இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு சுமித்திரா எழும்பினாள்.

வீணாகப் பயந்தது ஊருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்துக்கு ஈடாக, இந்தக் காரியத்தை ஒரு குறையும் வராமல் செய்து காட்டுவதென்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். கணபதி முன்னுக்கு நின்றார். மோட்டார் சைக்கிள்கள் கொட்டிலுக்குள் போயின. மாடுகள் கட்டையில், நாய்கள் குசினிக்குள். கோயில் ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிவிட்டார்கள். குழந்தைகளுக்குக் கூட உத்தரவு போயிற்று. இவ்வளவும் தேவையில்லை, வாகனம் வராவிட்டால் போதும் என்று சுமித்திரா சொல்லிப் பார்த்தாள். அவள் தன்னடக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளி மதியமே அவள் மாங்குளத்துக்குப் போய், குழுவை வரவேற்று, இரவு தங்கை வீட்டில் படுத்தாள். வந்தவர்கள் ஒல்லாந்துக்காரர். தலை நரைத்தவர்கள், ஆனால் சைக்கிளில் ஏறினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. சனிக்கிழமை வெயில் ஏறுமுன் அவளும் அருந்ததியும் முன்னால் போக, சவாரி தொடங்கியது.

றோட்டு வெறுமையாகக் கிடந்தது.

ஒரு ஓட்டோ இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தமும் மீன்கொத்தியின் சத்தமும் சைக்கிள் செயினின் சத்தமும் மட்டும். வந்தவர்கள் தங்களுக்குள் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். சுமித்திராவோ இதே றோட்டை ஒருமுறை இப்படிப் பார்த்திருக்கிறாள். முகாமில் இருந்து திரும்பி வந்த முதல்நாள், கூரையில்லாத வீடுகளுக்கு நடுவால் நடந்து வந்தபோது. அந்த நினைவை உதறிவிட்டு, பெடலை அழுத்தி மிதித்தாள்.

ஊர் நடுவில் றோட்டில் இருந்து பிரியும் ஒரு ஒழுங்கைக்குள், மரநிழலில், சனம் திரண்டு நின்றது. றோட்டில் ஒரு காலும் படாமல் நன்றாக உள்ளுக்குத் தள்ளி நின்றார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் வெளிர்ச் சேலை. ஒருவரும் கையசைக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரரைக் கண்ட கூச்சம் என்று சுமித்திரா நினைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒரு ஒல்லாந்துக் கிழவி நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தாள். ஒழுங்கையில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். இந்த ஊருக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று சுமித்திரா யோசித்துக்கொண்டே போனாள்.

ஆற்றங்கரையில் இடிந்த கட்டடத்தடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பெருமை அவளை விடவில்லை. வன்னியரின் கதையைச் சொன்னாள், அருந்ததி மொழிபெயர்த்தாள். கோயில் தூணில் இருந்த தாமரையைத் தடவிப் பார்க்க வைத்தாள். ஆற்றில் கால் நனைக்கச் சொன்னாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேர் மருதின் வேரில் தலைவைத்துப் படுத்தே விட்டார்கள். அருந்ததி எழுப்பப் போனாள்.

“விடுங்கோ பிள்ளை,” என்று சுமித்திரா தடுத்தாள். “அவசரம் ஒண்டும் இல்லை. ஆறுதலா இருக்கட்டும்.”

அருந்ததி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொம்பனிக்குக் கதைத்துவிட்டதாகச் சொன்னாள். இனி ஒவ்வொரு கிழமையும் குழு வரும். தேனுகாவைப் பாதை காட்டச் சேர்க்கலாம். இப்படி ஒரு அமைதியைத் தங்கள் வாழ்நாளில் கண்டதில்லை என்று வந்த சனம் சொல்கிறதாம்.

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வயல் வரப்பால் ஒரு உருவம் வருவது தெரிந்தது. மயில்வாகனம். ஓட்டோ இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, றோட்டில் ஏறாமல் சேற்றுக்குள்ளால் நடந்து வந்தார். இந்த மனிசன் இங்கேயும் பணிஸ் விற்க வந்துவிட்டதோ என்று சுமித்திராவுக்குச் சிரிப்பு வந்தது. எழும்பிப்போய் வழியிலேயே மறித்தாள். வாய் ஓயாமல் நல்ல செய்தி எல்லாவற்றையும் அவருக்குக் கொட்டினாள். கொம்பனி சம்மதித்தது, தேனுகாவின் வேலை, ஊரின் பெயர் வெளிநாடெல்லாம் போகப்போவது, எல்லாம்.

மயில்வாகனம் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு, மரத்தடியில் படுத்திருந்தவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

“நல்லது பிள்ளை... இலட்சுமியக்கா நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டா, இண்டைக்கு நீர் குழம்பக்கூடாதெண்டு கணபதியண்ணைதான் சொல்லவேண்டாமெண்டவர். காலமை தொடக்கம் ஒழுங்கைக்குள்ள பாடையை வைச்சுக்கொண்டு நிக்கிறம், வெயிலும் ஏறுது, இவையள் எழும்பிப் போனாப் பிறகு அவாவை றோட்டில ஏத்தலாமோ எண்டு கேட்டு வரச் சொன்னவர்.”