தெற்குக் கடலில் நான் விரட்டிய யானை

எனக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பேர் என் பேச்சை ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், நடந்ததோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. நடந்திருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். (பொய் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் சேர்ந்த பாலையும் நாம் பால் என்றுதான் சொல்கிறோம்.) இந்த வியாதி முற்றியது எண்பதுகளின் தொடக்கத்தில், என் இருபத்திரண்டாவது வயதில், உலகத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பனித்தீவின் கரையில்.

எங்கள் ஊர் தேவாரம். மலையடிவாரத்தில் கடலையும் சோளமும் கொஞ்சம் வாழையும் போடுகிற குடும்பம். போடியில் பள்ளிக்கூடம், மதுரையில் ஓட்டல் படிப்பு என்று முடித்திருந்தேன். என்னைப் போடியில் மாமாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். நான் மெட்ராஸில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, வெளிநாட்டுக் கப்பலில் ஸ்டூவர்ட் வேலை வாங்கிவிட்டேன். ஸ்டூவர்ட் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். கப்பலில் கேப்டனுக்கு அடுத்து ஏறக்குறைய நான்தான் என்றேன். (வியாதி.) அப்பா நம்பவில்லை. "ஒரு வருசம் முழுசா இருந்துட்டு வா. பாதியில ஓடியாந்தேன்னா பஸ்ஸை விட்டு இறங்கி நேரா மாமா கடைக்குப் போயிரு. வீட்டுப் பக்கம் வராத" என்று மட்டும் சொன்னார்.

அது சரக்குக் கப்பல் இல்லை. நூறு பேருக்கும் குறைவான பயணிகளை ஏற்றிக்கொண்டு, பனியையும் திமிங்கிலத்தையும் பென்குவினையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சின்னக் கப்பல். பயணிகளில் பாதிக்கு மேல் வேலையில் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். ஆளில்லாத ஊரில் போய்க் குளிரில் நடுங்குவதற்கு இத்தனை பேர் இவ்வளவு தூரம் வருவார்கள் என்பதே எனக்கு முதல் அதிசயம்.

தென்னமெரிக்காவின் கடைசித் துறைமுகத்தில் கப்பல் ஏறினேன். போடிமெட்டு மலைப்பாதையில் அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காதவன் என்று அங்கிருந்த எல்லோரிடமும் பெருமையடித்தேன். இது நிஜம்தான். ஆனால் போடிமெட்டு ரோடு வளையுமே தவிர, எழுந்து நின்று ஆடாது. அந்தக் கடல் ஆடியது. இரண்டு நாள் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த ஏலக்காயை மென்றபடி, மாமாவின் கடை எவ்வளவு நல்ல கடை, அது தரையில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் எழுந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். காலை ஐந்தரைக்கு ஒவ்வொரு அறைக்கதவாகத் தட்டி டீ கொடுக்க வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது முழங்காலை மடக்கி, மறுபக்கம் சாயும்போது நிமிர்ந்து, கரகாட்டக்காரரைப் போலத் தட்டைக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டு மேசையில் விரிப்பைத் தண்ணீரில் நனைத்துத்தான் விரிப்போம். இல்லாவிட்டால் தட்டுகள் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஓடும். பாதிச் சாப்பாட்டில் ஒலிபெருக்கியில் "இடது பக்கம் திமிங்கிலம்" என்று கேப்டனின் குரல் வரும். எழுபது வயசுக்காரர்கள் சூப்பை அப்படியே போட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஓடுவேன், கையில் கரண்டியோடு. முதல் பனிமலையைப் பார்த்த அன்று நான் எடுத்துப்போன ஆம்லெட்டுகள் மேல்தளத்திலேயே உறைந்துபோய்விட்டன. யாருக்கும் கோபமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கும் வெயில் அடிக்கிற ஊரில் கோபப்பட யாருக்குத் தோன்றும்?

கப்பலில் தமிழ் பேச எனக்கு ஒரே ஒரு ஆள்தான். தலைமைச் சமையல்காரர் ரெக்ஸ் அண்ணன், தூத்துக்குடிக்காரர். பத்து வருஷமாகக் கப்பலில் இருப்பவர். சிரிக்காமலே எதையும் சொல்வார். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

தினமும் மாலையில் பெரிய அறையில் கூட்டம் நடக்கும். பிராணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா, நாங்கள் டாக்டரம்மா என்று சொல்வோம், மறுநாள் இறங்கப்போகும் தீவைப் பற்றிப் பேசுவார். திரையில் படமும் காட்டுவார். ஐந்தாம் நாள் பார்த்துப் படம் காட்டும் மிஷினில் பல்பு போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. நான் கடைசி வரிசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது என் இங்கிலீஷ் "மோர் காபி மேடம்?" வரைக்கும்தான். டாக்டரம்மாவின் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. எலிபென்ட். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நாளைக்கு இறங்கும் தீவில் நிறைய எலிபென்ட் இருக்கிறதாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தால், இங்கேயும் நம்ம ஊர் ஆள்.

நான்காம் மேசையில் தனியாக உட்காரும் ஒரு அம்மா, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், எப்போதும் என்னிடம் அன்பாகப் பேசுவார். அவரிடம் போய், எங்கள் ஊரில் யானை தோட்டத்துக்குள் வரும், நான் அதை விரட்டியிருக்கிறேன் என்று இங்கிலீஷ் பாதி, கை ஜாடை பாதியாகச் சொன்னேன். தனியாகவா என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். எத்தனை வயதில் என்றார். பத்து என்றேன். அவர் கண் விரிந்தது. அந்தக் கண் விரிவதைப் பார்த்ததும் ஒரு யானையை மூன்றாக்கினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. கேப்டன் மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவே சமையலறைக்கு வந்து, நாளைக்கு என்னையும் கரைக்கு அழைத்துப் போவதாகவும், எங்கள் ஊர் யானைகளைப் பற்றி நான் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றும் ரெக்ஸ் அண்ணன் மூலமாகச் சொன்னார். ஸ்டூவர்ட்டுகளுக்குக் கரையில் இறங்கும் வாய்ப்பு லேசில் கிடைக்காது. நான் தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பி விழுந்தது.

அவர் போனதும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, இந்தப் பனியில யானை எதைத் திங்கும்?"

ரெக்ஸ் அண்ணன் சூப்பைக் கிண்டியபடி, திரும்பாமலே சொன்னார். "மீனு திங்கும்ல."

"யானையா?"

"இந்த ஊரு யானைக்கு மீனுதான். நீ யானை ஊர்க்காரனாச்சே, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. சும்மா கேட்டேன்."

எங்கள் பக்கம் யானை வந்தால் தகரத்தை அடித்து ஓட்டுவார்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ஒரு பெரிய பிஸ்கட் டின் கேட்டேன். ரெக்ஸ் அண்ணன் உடனே எடுத்துக் கொடுத்தார். அடிக்க ஒரு கனமான கரண்டியும் அவராகவே கொடுத்தார். என்மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலை சிவப்புக் கோட்டும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, மோட்டார் வைத்த ரப்பர் படகில் போய் இறங்கினேன். கறுப்புக் கூழாங்கல் கரை. பென்குவின்கள் சந்தைக்குப் போகிற மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கரை நெடுகப் பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய பாறைகள். நான் மலைப்பக்கம் பார்த்தேன். யானையைக் காணோம். சாணிகூட இல்லை. இன்னும் இறங்கி வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கடைசிப் படகில் வந்துகொண்டிருந்தார். முதலில் இறங்கிய முப்பது பேர் என்னைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவர் வருகிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த ஆறு வாக்கியத்தை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. என் இங்கிலீஷின் மகிமை என்று நினைத்தேன். ஒருவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூன்றாவது வாக்கியத்தில், போட்டோவுக்கு நன்றாக இருக்குமே என்று, பக்கத்தில் இருந்த பாறைமேல் வலது காலைத் தூக்கி வைத்தேன்.

பாறை மூச்சு விட்டது.

ஒரு மூட்டைக் கருவாட்டைப் பத்து நாள் மழையில் நனையவிட்டுப் பிரித்தால் என்ன வாடை வருமோ, அது என் முகத்தில் அடித்தது. பாறைக்குக் கண் திறந்தது. பிறகு வாய் திறந்தது. உள்ளே முழுக்கச் சிவப்பு. பத்து ஆள் எடையில் ஒரு உடம்பு என் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, என்னைப் பார்த்து உறுமியது. அதுதான் டாக்டரம்மா சொன்ன எலிபென்ட். கடல் யானை. கால் இல்லாத, தும்பிக்கை இல்லாத, மீன் தின்கிற சீல்.

எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. கை தானாக வேலை செய்தது. டின்னை அடித்தேன். அடித்தேன் என்றால், திருவிழாக் கொட்டு மாதிரி அடித்தேன். எங்கள் ஊர் யானை அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் போகும். இங்கே கரையில் இருந்த அத்தனை பாறையும் தலையைத் தூக்கிவிட்டது. நாற்பதாவது இருக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் உறுமிக்கொண்டு, வயிற்றைக் குலுக்கிக் குலுக்கிக் கடலைப் பார்த்துக் கிளம்பின. நானும் ஓடினேன். பயத்தில் நான் தேர்ந்தெடுத்த திசையும் கடல்தான். ஆக, அவையும் நானும் சேர்ந்தேதான் தண்ணீரில் இறங்கினோம். யார் யாரை விரட்டினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தண்ணீர் குளிரவில்லை, சுட்டது. படகுக்காரர் என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டபோது ஒரு கால் பூட்ஸ் இல்லை. டின் மட்டும் கையில் இருந்தது.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பளியைப் போர்த்திவிட்டு, ஒரு விஷயத்தை மெதுவாகச் சொன்னார். அவை பழைய தோலை உரிக்கிற காலமாம். பல நாள் பட்டினியாகக் கரையில் படுத்துக் கிடக்கும், அப்போது அவற்றைக் குளிர்ந்த தண்ணீரில் இறங்க வைக்கவே கூடாதாம். அரைகுறையாகப் புரிந்தாலும் அது எனக்கு நன்றாகவே உறைத்தது. கரையில் படுத்திருந்த பாவங்களை, ஒரு பெருமைக்காக நான் எழுப்பி ஓட்டியிருந்தேன்.

மத்தியானம் கேப்டன் கூப்பிட்டார். நரைத்த தாடி, பேசாத மனுஷன். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப் போகிறார் என்பது நிச்சயம். மாமா கடையின் படியில் நான் செருப்பைக் கழற்றுவது வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. என் இங்கிலீஷ் முழுக்க ஆவியாகிவிட்டதால் மொழிபெயர்க்க ரெக்ஸ் அண்ணனும் வந்து நின்றார். மூன்று யானையை விரட்டியவன் ஒரு சீலைப் பார்த்து ஏன் ஓடினாய் என்று கேப்டன் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தண்ணீர் கலக்காத பால் வந்தது. ஐந்து நிமிஷம் தமிழில் கொட்டினேன். மூன்று யானை இல்லை, ஒன்றுதான். பத்து வயதில் நான் மரத்துமேல் காவல் பரணில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கீழே தகரத்தை அடித்துக்கொண்டு தனி ஆளாக நின்று யானையை ஓட்டியது என் அம்மா. விடிந்த பிறகும் நான் இறங்க மாட்டேன் என்று அழுதேன்.

ரெக்ஸ் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே வரியில் மொழிபெயர்த்தார். "இவனுக்கு யானைன்னா பயம் சார். இவன் அம்மாவுக்குப் பயமில்லை."

கேப்டன் ரெக்ஸ் அண்ணன் பக்கம் திரும்பினார். அப்படியானால் நாம் வேலைக்கு அந்த அம்மாவை அல்லவா எடுத்திருக்க வேண்டும் என்றார். அப்புறம், பயணம் முடிகிற வரைக்கும் நான் கரையில் இறங்கக் கூடாது, திரும்பி வருகிறவர்களின் பூட்ஸில் ஒட்டிய பென்குவின் எச்சத்தை நான்தான் கழுவ வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பூட்ஸைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால் நம்புங்கள். ஒரு வருஷம் முழுசாக இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

ஆனால் எனக்கு முன்னாலேயே செய்தி ஊருக்குப் போயிருந்தது. அந்த நான்காம் மேசை அம்மா என்னிடம் வீட்டு விலாசம் வாங்கியிருந்தார். ரெக்ஸ் அண்ணனிடம் முழுக்கதையும் கேட்டுக்கொண்டு, என் அம்மா பேருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும், சீல் கூட்டத்துக்கு நடுவில் நான் கடலுக்குள் ஓடுகிற போட்டோவும் அனுப்பிவிட்டார். இங்கிலீஷ் கடிதம் என்பதால் அம்மா அதைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோக, அவர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்திருக்கிறார். நான் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், முன்பின் தெரியாத ஒருவர் கடல் யானை நலமா என்று விசாரித்தார். அம்மா மட்டும் கேலி செய்யவில்லை. "அன்னிக்கி ஏணி வச்சு நாந்தானேப்பா ஒன்னைய இறக்குனேன், மறந்துட்டியா?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டாள். அது கேலியைவிட மோசம்.

அடுத்த வருஷம் ராசிங்காபுரத்தில் பெண் பார்க்கப் போனோம். போட்டோவும் கதையும் அங்கேயும் போய்விட்டன என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. காரியம் கெட்டது என்று இருந்தேன். பெண் சம்மதம் என்றாள். ஏன் என்று அவள் அம்மா கேட்டபோது சொன்னாளாம்: "கூசாம அளக்குறாரு, சரி. ஆனா கேப்டன் கேட்டதும் உள்ளதைச் சொல்லிட்டாருல்ல? அது போதும்."

நாற்பது வருஷமாகி விட்டது. இன்றைக்கும் நான் சாப்பாட்டுப் பந்தியிலோ கல்யாண வீட்டிலோ சின்ன வயசில் வைகையை நீந்திக் கடந்தேன் என்று ஆரம்பித்தால், அவள் தலையைத் தூக்காமலே கேட்பாள்: "கேப்டனைக் கூப்பிடவா?" மகள் கற்றுக்கொண்டாள். மருமகன் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார். இப்போது பேரன், வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்கிற தன் தங்கையிடம் கேட்கிறான்.

இதை எழுதி முடித்து மனைவியிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். ஓரத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் "கேப்டன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டைத் திருத்திவிட்டேன்.