பண்டாரியின் கேல்லி

தூத்துக்குடியில் ஓர் ஓட்டு வீட்டைக் கப்பலாக நடத்திக் காட்டியவர் பண்டாரி ஒருவர்தான். அந்த வீட்டுக்குப் பாய்மரமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. ஆனால் அவர் போட்ட சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்தால் தரை மெல்ல ஆடுவது போலிருக்கும். மீன்குழம்பின் மயக்கம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

கடல் கடந்து சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் சமைப்பவருக்குப் பண்டாரி என்று பெயர். இவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்து, முழங்கால் வலி கண்டதும் கரையேறி, பழைய துறைமுகத்துப் பக்கம் ஜெசிந்தாக்கா நடத்திய மெஸ்ஸில் சேர்ந்தார். எங்கள் கிளியரிங் ஏஜென்சி அலுவலகம் அதற்கு அடுத்த கட்டடம். மதியச் சாப்பாடு எங்களுக்கு அங்கேதான்.

வந்த வாரமே, பானை உருண்டுவிடாமல் அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டினார். மூடிகளுக்கெல்லாம் கயிறு போட்டார். ரசத்தைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்ற மாட்டார். நிறைய ஊற்றினால் சிந்துமாம். இங்கே எப்படிச் சிந்தும் என்று கேட்டவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். சமையலறை என்று சொன்னால் அவர் காதில் விழாது. கப்பல்காரர்கள் சொல்வது போல, கேல்லி என்று சொல்ல வேண்டும்.

மெஸ் நீளமான, ஒடுங்கலான அறை. எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்காரும்படி பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டார். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு.

"தம்பி, அந்தப் பக்கம் போங்க. இங்கன சாயுது."

"சாப்பிட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி."

"சாப்பிட்ட பொறவு இன்னும்லா சாயும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவேன்.

ஒருநாள் அகராதியில் கேல்லி என்ற சொல்லைத் தேடினேன். ஆதியில் அது சமையலறையே இல்லை. வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போட்ட நீளமான கப்பலுக்கு அந்தப் பெயர். அச்சகத்தில் கோத்த ஈய எழுத்துகளை அடுக்கி வைக்கும் நீளத் தட்டுக்கும், கப்பல் சமையலறைக்கும் அது பிற்பாடு வந்தது. சமையலறைக்கு ஏன் வந்தது என்று அகராதிக்கே உறுதியில்லை. சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த பண்டாரியிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டார்.

"துடுப்புப் போட்டவன்லாம் எங்க போனான்?"

"பாய் வந்துச்சு, எஞ்சின் வந்துச்சு. எறங்கிப் போயிட்டாங்க."

"எல்லாவனும் எறங்கின பொறவு மிச்சம் நின்னது யாரு? சமையக்காரன். கப்பல் பேரு அவனுக்கு வந்துட்டு. இதுக்கு எதுக்குப் பொஸ்தகம்?"

"அப்போ அச்சாபீஸ்?"

"அங்கன எழுத்து வரிசையா உக்காந்திருக்குல்லா. அதுக்கும் பசிக்கும்."

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. உலை கொதிக்கும்போது அடுப்பை அணைக்கக் கூடாது. அடுப்பு எரியும்போது பண்டாரி கப்பலை விட்டு இறங்கக் கூடாது. வாசலில் மாதா சப்பரம் போனபோதுகூட, அடுப்படியில் நின்றபடியேதான் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருநாள் காலையில், அடுப்பு பற்றவைக்கும் முன்பே, அவருடைய பழைய தண்டல் வந்து சேர்ந்தார். தோணியை நடத்துபவர்தான் தண்டல்.

"பண்டாரி, நம்ம சமையக்காரனுக்குக் காய்ச்சல். மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்தியாச்சு. மதியம் கெளம்பணும். வாரியா?"

பண்டாரி ஈரக்கையைக் கைலியில் துடைத்தார். ஆணியில் தொங்கிய அவர் பை கீழே இறங்கியது. முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

ஜெசிந்தாக்காவுக்குச் சமைக்க வராது. தண்ணீரைக்கூடத் தீய விடுவார் என்று பண்டாரியே சொல்வதுண்டு. இவர் போனால் மெஸ் மூடும். மெஸ் மூடினால் அக்காவின் பிழைப்பும் அதோடு சரி. ஆனால் அக்கா கெஞ்சவில்லை.

"எல்லாருக்கும் ஒரு டீ போட்டுட்டுப் போங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை டீக்கு வந்து உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. அலுவலகமே முறை வைத்து வந்தது. ஒருவருக்குச் சுக்குக் காபி, ஒருவருக்குச் சீனியில்லாத டீ, எனக்கு வெந்நீர், பிறகு மறுபடியும் டீ. ஒரு பாத்திரம் இறங்குமுன் அடுத்ததற்கு ஆள் நின்றது. தண்டலுக்கும் மேலும் மேலும் டீ வந்தது.

"ஏ பண்டாரி, இந்த ஊருல தண்ணிப் பஞ்சமா?"

"அடுப்பு எரியுதுல்லா. இரியும்."

சூரியன் உச்சிக்கு வந்தது. அப்போது தீ நீலமாக மெலிந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சிலிண்டர் காலி. எங்களில் ஒருவரும் அசையவில்லை.

தண்டல் எழுந்தார். "அணைஞ்சுட்டு. வா."

பண்டாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சரக்குக் கிட்டங்கிக் கூரைக்கு மேலே பாய்மரங்களின் நுனிகள் வெயிலில் கரைந்து, தூக்கத்தில் அசைவது போல அசைந்துகொண்டிருந்தன. உப்புக்காற்று அவர் கைலியைப் பிடித்து இழுத்தது. உள்ளே ஜெசிந்தாக்கா டம்ளர்களை எடுத்து அடுக்கினார்.

பண்டாரி திரும்பி அந்த டம்ளர்களைப் பார்த்தார். பிறகு பையை இறக்கி வைத்தார். மூலையில் நின்ற மாற்று சிலிண்டரை உருட்டி வந்து, மாட்டி, தீக்குச்சி கிழித்தார். பெரிய சோற்றுப் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தார்.

"ஒல வச்சிட்டேன் தண்டல். இனி எப்படி எறங்க?"

தண்டல் அவரைப் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். "நல்ல ஆளுதாம்ல நீ. வேற ஆளப் பாக்கேன்," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

டீயாலேயே வயிறு நிரம்பி, அன்று எங்கள் யாருக்கும் துளியும் பசியில்லை. ஆனாலும் அந்தச் சோறு வேகும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.